யோஸ்ட் ஹெஃப்டியின் குளங்கள் தவிர

நரியோடைக் கரையில் சிவப்புத் தலை வைத்த மரக்குச்சிகள் நட்டிருப்பதை முதலில் பார்த்தவள் அஃப்ரா ஹெஃப்டி. அவள் பார்க்காமல் வேறு யார் பார்ப்பார்கள்? ரயில் நிலையத்திலிருந்து மேலூர் வரை மஞ்சள் பேருந்தை ஒரு நாளைக்கு ஆறு தடவை ஏற்றி இறக்குகிறவள். ஏறும்போது இடது கண்ணாடியிலும் இறங்கும்போது வலது கண்ணாடியிலுமாக இருபத்திரண்டு வருடமாக அந்த ஓடை அவள் கூடவே வந்துகொண்டிருக்கிறது.

விசாரித்தாள். நாற்பது வருடமாகப் பூட்டிக் கிடந்த கீழ்க்கரை நெசவாலையை ஒரு மின்சாரக் கம்பெனி வாங்கிவிட்டதாம். ஆலையோடு சேர்த்து அதன் நூறு வருடத்துப் பழைய குழாயும், ஓடைத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும் உரிமையும் கம்பெனிக்கு வந்துவிட்டன. குழாயைச் செப்பனிட்டு, ஓடையை மொத்தமாக அதற்குள் விட்டு, இரண்டு கிலோமீட்டர் கீழே கொண்டுபோய் டர்பைனில் கொட்டப் போகிறார்கள். நடுவில் உள்ள இரண்டு கிலோமீட்டருக்கு வெறும் கல்தான் மிச்சம்.

அஃப்ராவுக்கு ரத்தம் தலைக்கேறியது. கம்பெனியோடு மோத வேண்டுமானால் பெரிய வக்கீல் வேண்டும், மந்திரியைத் தெரிந்திருக்க வேண்டும் என்று மற்ற இடங்களில் சொல்வார்கள். சுவிட்சர்லாந்தின் மலைகளுக்கு நடுவே உள்ள எங்கள் கிளாருஸ் மாநிலத்தில் ஒரு தாளும் ஒரு கையெழுத்தும் போதும். ஓட்டுரிமை உள்ள யாரும் தனியாளாகச் சட்டம் எழுதிக் கொடுக்கலாம். சட்டசபையில் பத்துப் பேர் தலையசைத்துவிட்டால் அது மே மாத முதல் ஞாயிற்றுக்கிழமை கூடும் நாட்டுக்கூட்டத்துக்கு வந்துவிடும். திறந்தவெளியில் ஆயிரக்கணக்கானவர்கள் கையைத் தூக்கினால் சட்டம், தூக்காவிட்டால் குப்பை. மந்திரிகள் நம்மோடு மழையில் நனைந்துகொண்டு வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

மேலூர் கடைசி நிறுத்தத்தில் பேருந்துக்குப் பன்னிரண்டு நிமிட ஓய்வு உண்டு. அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில், பழைய கால அட்டவணையின் பின்புறத்தில், அஃப்ரா சட்டம் எழுதினாள். “நரியோடையிலிருந்து குழாய் வைத்து எவரும் தண்ணீர் எடுக்கக் கூடாது. இப்போது எடுத்துக்கொண்டிருப்பவர்களும் வரும் ஜனவரி முதல் தேதியோடு நிறுத்த வேண்டும்.” கீழே கையெழுத்து. இரண்டு நிமிடம் மிச்சமிருந்தது, ஒரு ஆப்பிள் தின்றாள்.

டிசம்பரில் மாநில அலுவலகத்திலிருந்து ஒரு குமாஸ்தா தொலைபேசியில் கூப்பிட்டார். குரல் மிகவும் மரியாதையாக இருந்தது. அதுவே அவளுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது.

“மேடம், உங்க வாசகத்துல யாருக்காவது விலக்கு குடுக்கணுமான்னு கேட்கலாம்னு... அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி மாத்திக்கலாம்.”

“விலக்கா? யாருக்கு?”

“பொதுவாத்தான் கேட்கறேன் மேடம். எவரும்னு எழுதியிருக்கீங்க. எவரும்னா எல்லாரும்...”

“எல்லாரும்னா எல்லாரும்தான். ஒருத்தனையும் விட மாட்டேன். உங்களைப் பேசச் சொன்னது யாருன்னும் எனக்குத் தெரியும்.” வைத்துவிட்டாள். பாவம் அந்தக் குமாஸ்தா. அவரைப் பேசச் சொன்னது யாருமில்லை. தன் வேலையை ஒழுங்காகச் செய்த ஒரே மனிதர் இந்தக் கதையில் அவர்தான்.

ஏப்ரலில் கூட்டப் புத்தகம் வீடு வீடாக வந்தது. கூட்டத்தில் வரப்போகும் சட்டங்களெல்லாம் அதில் அச்சாகியிருக்கும். அஃப்ரா தன் வாசகம் இருந்த பக்கத்தைத் திறந்து சமையலறை அலமாரியில் சாய்த்து வைத்தாள். “அரசு இதை நிராகரிக்கப் பரிந்துரைக்கிறது” என்று கீழே ஒரு வரி இருந்தது. அது அவளுக்குப் பதக்கம் குத்தியது போலிருந்தது.

அன்று மாலையே அவள் தம்பி யோஸ்ட் வந்தான். ரப்பர் பூட்ஸைக் கழற்றாமல் சமையலறைக்குள் வந்தபோதே விஷயம் சரியில்லை என்று தெரிந்தது. ஐம்பத்திநாலு வயது. ஓடைக்கரையில் ஏழு குளம் வெட்டி ட்ரௌட் மீன் வளர்க்கிறான். மனிதர்களிடம் பேசுவதைவிட மீன்களிடம் அதிகம் பேசுகிறவன். புத்தகத்தை மேசைமேல் போட்டான்.

“அக்கா, என் குளத்துக்குத் தண்ணி எங்கேருந்து வருது?”

“இது என்னடா கேள்வி? ஓடையிலேருந்து.”

“எப்படி வருது? நடந்து வருதா?”

அவர்கள் அப்பா ஐம்பது வருடத்துக்கு முன் மண்ணுக்கடியில் புதைத்த குழாய். மேலே புல் மூடி, புல்மேல் மாடு மேய்ந்து, அது அவளுக்குக் குழாயாகவே தோன்றியதில்லை. குழாய் என்றால் கம்பெனிக்காரன் வைப்பது. தம்பியிடம் இருப்பது தண்ணீர். அவ்வளவுதான் அவள் மனதில் இருந்தது.

“ஜனவரி ஒண்ணாம் தேதி நான் அடைக்கணுமாம். ஒன்பதாயிரம் மீன். ரெண்டு மணி நேரம் தண்ணி வரலைன்னா வயித்தைத் திருப்பிப் போட்டுடும். என் அக்கா போட்ட சட்டம்!”

“டேய், நான் வேணும்னா...”

“நீ ஒண்ணும் வேணாம். நீ எழுதினது எழுதினதுதான்.”

கதவை அறைந்த வேகத்தில் அலமாரியிலிருந்த புத்தகம் விழுந்தது. அதற்குப் பிறகு மூன்று வாரம் இருவருக்கும் பேச்சில்லை. அவன் பேருந்தில் ஏறுவதையே விட்டுவிட்டான். மீன் பெட்டிகளோடு கீழே போக வேண்டியிருந்தால் யாருடைய வண்டியிலாவது தொற்றிக்கொண்டு போனான். நிறுத்தத்தைத் தாண்டி ஓரமாக நடந்து போகும் தம்பியை அஃப்ரா கண்ணாடியில் பார்ப்பாள். ஹாரன் அடிக்கக் கை போகும். அடிக்க மாட்டாள்.

வாசகத்தைத் திரும்ப வாங்கவும் வழியில்லை. அச்சேறிய பிறகு அது நாட்டுக்கூட்டத்தின் சொத்து. ஆனால் கூட்டத்து நாளில் மேடையேறி, இந்த இடத்தில் இப்படித் திருத்துங்கள் என்று யார் வேண்டுமானாலும் கேட்கலாம். அதையும் கைதூக்கித்தான் முடிவு செய்வார்கள்.

கம்பெனியின் வக்கீல் ஸ்ட்ரைஃப் அவளைத் தேடிக்கொண்டு பேருந்துக்கே வந்தார். நல்ல உயரம், நல்ல கோட்டு, டிக்கெட்டுக்குச் சரியான சில்லறை.

“உங்க தம்பி விஷயம் கேள்விப்பட்டேன். கஷ்டமா இருந்துச்சு. ஒரு வழி சொல்லட்டுமா? ஏற்கனவே இருக்கிற குழாய்களுக்கு விலக்குன்னு ஒரு திருத்தம் நீங்களே கொண்டு வாங்க. நாங்க எதிர்க்க மாட்டோம்.”

“ஏற்கனவே இருக்கிறதுல உங்க நெசவாலைக் குழாயும் வருதே சார்.”

“அது... தற்செயலா வரத்தான் செய்யும்.”

“நீங்களும் தற்செயலா அடுத்த நிறுத்தத்துல இறங்கிடுங்க.”

இறங்கினார். ஆனால் அங்கிருந்து நேரே யோஸ்ட்டின் குளக்கரைக்குப் போனார் என்பது அஃப்ராவுக்குப் பிறகுதான் தெரிந்தது. நாங்கள் ஜெயித்தால் உங்கள் குளத்துக்கு வேண்டிய தண்ணீரை எழுத்தில் உத்தரவாதமாகத் தருகிறோம் என்றாராம். யோஸ்ட் மீனுக்குத் தீனி போட்டுக்கொண்டே இருந்தானாம்.

பேருந்து சட்டசபையாகிவிட்டது. ஓட்டிக்கொண்டே அஃப்ரா கேட்பாள், பின்னாலிருந்து பதில் வரும். ரொட்டிக்கடை எம்மெலிதான் முன் சீட்டு எதிர்க்கட்சி.

“ஐம்பது வருஷத்துக்கு மேல பழைய குழாய்க்கு விலக்குன்னா?”

“ஆலைக் குழாய்க்கு நூறு வயசு. அதுதான் முதல்ல உள்ள வரும்.”

“சரி, கையளவு சின்னக் குழாய்னா?”

“கையளவுல அவன் நாப்பது போடுவான்.”

“மீன் வளர்ப்புக்கு மட்டும்னு போட்டா?”

“கம்பெனிக்காரன் சாயந்திரமே ரெண்டு மீன் வாங்கி டர்பைன் வாசல்ல விடுவான். அதுங்களுக்குப் பேர்கூட வெப்பான்.”

பேருந்தே சிரித்தது. அஃப்ராவுக்குச் சிரிப்பு வரவில்லை. மேலூருக்கும் ரயில் நிலையத்துக்கும் நடுவே ஒரு வாரம் முழுக்க ஏறினவர்கள், இறங்கினவர்கள், மாட்டு வைத்தியர், பள்ளிக்கூடத்து வாத்தியார் என்று எல்லோரையும் கேட்டாகிவிட்டது. கடைசியில் ஒன்றே ஒன்றுதான் ஓட்டையில்லாமல் நின்றது. அதை மறுபடியும் ஒரு கால அட்டவணையின் பின்புறத்தில் எழுதிக்கொண்டாள்.

மே முதல் ஞாயிறு. தூறல் போட்டது. மைதானத்து வளையத்தில் ஆறாயிரம் பேர் குடையை மடக்கிக்கொண்டு நின்றார்கள். குடை விரித்தால் பின்னால் நிற்பவன் கை தெரியாது. நடுவில் மேடை. மாநிலத் தலைவர் நீண்ட பழைய வாளைத் தடிபோல ஊன்றிக்கொண்டு நின்றார். எங்களிடம் கைகளை எண்ணுகிற வழக்கம் கிடையாது. தலைவர் ஒரு பார்வை பார்ப்பார், எந்தப் பக்கம் அதிகம் என்று அவர் கண்ணுக்குப் படுகிறதோ அதுதான் முடிவு. அப்பீல் இல்லை. இதைக் கேட்டு வெளியூர்க்காரர்கள் தலையில் கைவைப்பார்கள். வைக்கட்டும்.

ஏழாவது தீர்மானமாக நரியோடை வந்தது. ஸ்ட்ரைஃப் முதலில் ஏறினார்.

“மதிப்புக்குரிய என் நாட்டு மக்களே! மூவாயிரம் வீட்டுக்கு வெளிச்சம் தர்ற திட்டம் இது. புகை கிடையாது, கரி கிடையாது. அதை ஒரு பஸ் நிறுத்தத்துல, பன்னெண்டு நிமிஷத்துல எழுதின ரெண்டு வரி அழிக்கப் பார்க்குது. அதுமட்டுமா? யோஸ்ட் ஹெஃப்டின்னு ஒரு உழைப்பாளி. இந்தக் கூட்டத்துல எங்கேயோதான் நிக்கறார். அவரோட குளங்களும் இதுல காஞ்சு போகும். எழுதினது யாருன்னு நினைக்கறீங்க? அவரோட கூடப்பொறந்த அக்கா! கூடப்பொறந்தவனையே கவனிக்காத சட்டம் உங்களை எப்படிங்க கவனிக்கும்? கோபத்துல எழுதறது சட்டமில்லை. நிராகரியுங்க.”

கூட்டம் முணுமுணுத்தது. அஃப்ராவுக்கு முகமெல்லாம் எரிந்தது. அந்த ஆள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை என்பதுதான் கொடுமை. பயந்துகொண்டேதான் பத்துப் படி ஏறினாள். மேடையில் ஏறியதும் பயம் போய்விட்டது. பனிக்காலத்தில் வளைவில் பேருந்தைத் திருப்பும்போது வருகிற நிதானம் வந்தது.

“மதிப்புக்குரிய என் நாட்டு மக்களே! வக்கீல் சொன்னது நிஜம். நான் தப்புப் பண்ணேன். தம்பியோட குழாயை மறந்துட்டேன். ஆபீஸ்லேருந்து கேட்டாங்க, போனை வெச்சுட்டேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். ஆனா ஒண்ணு கேட்கறேன். நான் தப்புப் பண்ணா அது இங்க எல்லார் முன்னாடியும் அச்சுல வருது, நான் ஏறி நின்னு திட்டு வாங்கறேன். ஓடையைக் குழாய்க்குள்ள விடலாம்னு முடிவு பண்ணினவங்க எந்த மேடையில ஏறினாங்க? யார் முகத்தைப் பார்த்துக் கேட்டாங்க?”

கீழே ஆரவாரம் எழுந்தது. தலைவர் வாளை லேசாகத் தட்டினார். அஃப்ரா தாளைப் பிரித்தாள்.

“ஒரு திருத்தம் கேட்கறேன். எவரும் தண்ணீர் எடுக்கக் கூடாதுங்கிற இடத்துல, ‘யோஸ்ட் ஹெஃப்டியின் குளங்கள் தவிர’ன்னு சேர்க்கணும்.”

யாரோ ஒருவன் கத்தினான்: “அக்கா சட்டம் போட்டா தம்பிக்கு மட்டும் தண்ணியா?” ஆறாயிரம் பேரும் சிரித்தார்கள்.

“ஆமா, தம்பிக்கு மட்டும்தான்!” என்று அஃப்ராவும் கத்தினாள். “சட்டத்துல ஒருத்தன் பேர் வரக்கூடாதுன்னு சொல்வாங்க. சொன்னது யாரு? இதே வளையத்துல நின்னு கையைத் தூக்கினவங்கதானே? நீங்க தூக்கினா வரும்! வேற எப்படி எழுதினாலும் கம்பெனி உள்ள வந்துடுது. எழுதிப் பார்த்துட்டுத்தான் சொல்றேன்.”

இறங்கி, தான் நின்றிருந்த இடத்துக்கு வந்தாள். பக்கத்தில் யோஸ்ட் நின்றிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை. ரப்பர் பூட்ஸ், கறுப்புக் கோட்டு, காது வரை சிவந்த முகம். அவன் அவளைப் பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை. மூன்று வாரத்துக்குப் பிறகு தோள்கள் மட்டும் உரசிக்கொண்டன.

முதலில் திருத்தம். “ஏற்பவர்கள் கை உயர்த்தலாம்.” ஓட்டுரிமைக்கு அடையாளமாக எல்லோர் கையிலும் இருந்த ஆரஞ்சு அட்டைகள் மேலே போயின. அஃப்ராவின் அட்டை முதல் ஆளாகப் போனது. யோஸ்ட் கையைக் கோட்டுப் பையிலிருந்து எடுக்கவேயில்லை. “எதிர்ப்பவர்கள்.” அவையும் போயின. தலைவர் புருவத்தைச் சுருக்கினார். இன்னொரு முறை கேட்டார். மந்திரிகள் நால்வரை மேடைக்கு அழைத்து அவர்களையும் பார்க்கச் சொன்னார். ஐந்து ஜோடிக் கண்கள் வளையத்தை மேய்ந்தன. யோஸ்ட்டின் ஒன்பதாயிரம் மீன்களும் அந்த ஐந்து ஜோடிக் கண்களில் தொங்கிக்கொண்டிருந்தன.

“திருத்தம் தோற்றது.”

அவ்வளவுதான். ஒரு மனிதனின் பிழைப்பை ஆறாயிரம் பேர் நாலு நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். அவர்களில் ஐந்தாயிரம் பேர் அந்தக் குளங்களைப் பார்த்ததுகூட இல்லை. மழை, பசி, அடுத்த தீர்மானம் என்ன என்று புத்தகத்தைப் புரட்டுகிற சத்தம். இந்த வளையத்தைக் கோயிலாகக் கும்பிடுகிற அஃப்ராவுக்கு, வாழ்க்கையில் முதல் தடவையாக அதைப் பார்த்துப் பயம் வந்தது.

“இனி மூல வாசகம். புத்தகத்தில் அச்சானபடி ஏற்பவர்கள் கை உயர்த்தலாம்.”

அவள் கை எழவில்லை. தானே எழுதினது, தானே ஊரைக் கூட்டினது. அட்டை விரலிடுக்கில் நனைந்து தொய்ந்தது. சுற்றிலும் கைகள் எழுந்துகொண்டிருந்தன. முன்வரிசையில் எம்மெலியுடைய கையும் எழுந்துவிட்டது. தூக்கினால் தம்பி போனான், தூக்காவிட்டால் ஓடை போயிற்று. தூரத்தில் ஸ்ட்ரைஃப் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதட்டில் இருந்தது சிரிப்பு என்று சத்தியம் செய்ய முடியாது, ஆனால் சிரிப்புதான்.

பக்கத்தில் ஒரு அட்டை விருட்டென்று மேலே போனது. யோஸ்ட்டின் அட்டை.

“தூக்குக்கா.”

“டேய்... உன் மீன்டா.”

“என் பேரைச் சொல்லி அவன் அழறான் பாரு. என்னைக் காட்டி அவன் ஜெயிக்கக் கூடாது. ஓடையைக் கொன்னுட்டு எனக்கு ஒரு குடம் தண்ணி ஊத்துவானாம். அந்தத் தண்ணியில எவன் மீன் வளப்பான்? தூக்கு!”

அவள் மணிக்கட்டைப் பிடித்து அவனே மேலே உயர்த்தினான். சின்ன வயதில் ஓடையைத் தாண்டும்போது அவள்தான் அவன் மணிக்கட்டை அப்படிப் பிடிப்பாள். அஃப்ராவுக்குக் கண்ணில் வழிந்தது மழையா என்று யாரும் கேட்கவில்லை.

இந்தத் தடவை தலைவருக்கு ஒரு பார்வையே போதுமாயிருந்தது. “ஏற்கப்பட்டது.”

கூட்டம் முடிந்ததும் எல்லோரும் போல இவர்களும் சாசேஜும் உருளைக்கிழங்கு மசியலும் வாங்கிக்கொண்டு நீள மேசையில் உட்கார்ந்தார்கள். வருகிறவர் போகிறவரெல்லாம் அஃப்ராவின் முதுகில் தட்டினார்கள். ஒவ்வொரு தட்டலுக்கும் அவள் இன்னும் கொஞ்சம் குனிந்தாள். தட்டு அப்படியே இருந்தது. யோஸ்ட் தன்னுடையதை முடித்துவிட்டு அவள் தட்டிலிருந்தும் எடுத்துக்கொண்டான்.

“பேனா இருக்கா?”

கொடுத்தாள்.

“தாளு?”

கால அட்டவணையைக் கொடுத்தாள்.

“ஒரு கையெழுத்துதானே வேணும்?”

“ஒண்ணு போதும்.” அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. “என்னடா பண்ணப் போற?”

“அடுத்த மே மாசத்துக்கு. இன்னிக்கு ஜெயிச்ச சட்டத்துக்குப் பதிலா இது. ஜனவரியிலேருந்து மே வரைக்கும் நாலு மாசம். பெருசுகளை வித்துடுவேன். குஞ்சுகளை மாட்டு வைத்தியர் தன்னோட ஊத்துத் தொட்டியில விட்டுக்கறேன்னு சொல்லியிருக்கார். பாதி சாகும். பாதி போதும்.” விரல்நகம் அளவுக் கொட்டை எழுத்தில், நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினான். எழுதியதை அவள் பக்கம் தள்ளினான்.

“நரியோடையிலிருந்து தண்ணீர் எடுப்பவர், எடுத்த தண்ணீர் முழுவதையும், எடுத்த இடத்திலிருந்து நூறு மீட்டருக்குள் ஓடைக்கே திருப்பிவிட வேண்டும். அப்படித் திருப்பிவிடாத எவரும் எடுக்கக் கூடாது.”

அஃப்ரா படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். குளத்துத் தண்ணீர் ஒரு பக்கம் உள்ளே போய் மறுபக்கம் எண்பது மீட்டரில் ஓடைக்கே வந்துவிடும். கம்பெனி தண்ணீர் இரண்டு கிலோமீட்டர் போக வேண்டும், போகாவிட்டால் டர்பைன் சுற்றாது. யார் பெயரும் வேண்டாம், வயதும் வேண்டாம், கையளவும் வேண்டாம். ஓட்டை தேடிப் பார்த்தாள். கிடைக்கவில்லை.

“இதை ஏன்டா மூணு வாரமாச் சொல்லல? இன்னிக்கு மேடையிலயாவது...”

“ஆறாயிரம் பேர் முன்னாடியா? எனக்குக் காலே வராது.” பேனாவை மூடினான். “உனக்குத் தெரியாததா?”

“என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே!”

யோஸ்ட் அவளை நேராகப் பார்த்தான்.

“ரொட்டிக்கடைக்காரிகிட்ட கேட்ட. வாத்தியார்கிட்ட கேட்ட. பஸ்ஸுல ஏறினவன் இறங்கினவன் எல்லார்கிட்டயும் கேட்ட. அந்த ஓடையில பொழைக்கிறவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியாக்கா?”

அஃப்ரா தாளை நாலாக மடித்து, சீருடைச் சட்டையின் மேல் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டாள். நாலு மணி வண்டிக்கு நேரமாகிவிட்டது. யோஸ்ட் முன் சீட்டில் உட்கார்ந்தான். எம்மெலி முறைத்துக்கொண்டே பின்னால் போனாள்.

“ஆபீஸ்லேருந்து போன் வரும்” என்றாள் அஃப்ரா, வண்டியைக் கிளப்பிக்கொண்டே. “வெச்சிடாதே.”

“நான் வெக்க மாட்டேன்” என்றான் யோஸ்ட்.